அப்பாவின் அளவுக் குவளை

தோட்டத்துப் பெரிய கிராணி கழித்துப்போட்ட வெஸ்பாவை அப்பா வாங்கியது 1974-இல். அதற்குப் பெட்ரோல் ஊற்றுவது ஏறக்குறைய ஒரு சமையல். யோங் பெங் டவுனில் பெட்ரோல் ஸ்டேசன் ஓரமாக வண்டியைச் சாய்த்து நிறுத்துவார். இருக்கைக்கு அடியிலிருந்து ஓர் அலுமினியக் குவளை வெளியே வரும். ஒரு கேலன் பெட்ரோலுக்கு அந்தக் குவளையின் கோடு வரைக்கும் டூ-டி எண்ணெய். பம்படியில் நிற்கும் பையனிடம் அந்த வேலையைக் கொடுக்கவே மாட்டார். தானே ஊற்றி, மூடியை இறுக்கி, வண்டியை இடுப்பால் இரண்டு ஆட்டு ஆட்டுவார். எண்ணெய் கூடினால் பின்னால் நீலப் புகை; குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பின்னால் உட்கார்ந்து வரும் எனக்குப் புகையைப் பார்த்துச் சொல்வதுதான் வேலை.

அப்பாவுக்கு இந்த அளவுப் புத்தி வந்தது தோட்டத்து ரப்பர்ப் பால் ஸ்டோரில். விடியுமுன் நிரைக்குப் போனவர்கள் மங்கு மங்காகச் சேர்த்த பாலைக் காண்டாவாளியில் சுமந்துகொண்டு வரிசையில் நிற்பார்கள். கிராணி மெட்ரோலேக் என்கிற மிதவையைப் பாலில் விடுவார். பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அது காட்டிக்கொடுத்துவிடும். அதைக் கழுவித் துடைத்து எடுத்துவைக்கும் ஆள் அப்பா. ஒருநாள் எங்கள் சின்னம்மாவே மாட்டிக்கொண்டார். “ராத்திரி மழை மங்குல விழுந்திருச்சுங்க ஐயா” என்று அழுதார். முதல் நாள் இரவு மழையே இல்லை. அரைநாள் சம்பளம் போயிற்று. அப்பா வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த சின்னம்மாவும் ஒரு வாரம் அப்பாவிடம் வாய் திறக்கவில்லை.

ஆக, அந்தக் காலத்தில் கலப்பு என்றால் இரண்டே வகை. அளந்து நாமே கலப்பது ஒன்று. சொல்லாமல் கலந்து மாட்டிக்கொள்வது இன்னொன்று. சட்டம் போட்டுக் கலப்பது என்ற மூன்றாவது வகை அப்பாவின் கணக்கில் இல்லை.

பால் மரமெல்லாம் சாய்ந்து செம்பனை வந்தது. கோலாலம்பூர் – சிங்கப்பூர் பஸ்கள் டவுனுக்குள் நுழைந்து போன பழைய சாலைக்குப் போட்டியாக நெடுஞ்சாலை வந்து, 1994-இல் முழுவதும் திறந்தது. பஸ்கள் என்னவோ இன்னும் இங்கே சாப்பிட நிற்கின்றன. மீன் உருண்டைக்கு அவ்வளவு மவுசு. ஓய்வு பெற்ற காசில் நான் நான்கு ஏக்கர் செம்பனையும், குலை ஏற்ற ஒரு பழைய டீசல் பிக்கப்பும் வாங்கினேன்.

ஒருநாள் அந்தப் பிக்கப் ஆயர் ஈத்தாம் சாலையில் இருமி இருமி நின்றது. பூச்சாவ் பட்டறைக்காரர் ஃபில்டரைக் கழற்றி என் மூக்குக்கு நேரே நீட்டினார். கறுப்புக் களி. “அண்ணே, இது சமையல் எண்ணெய்லா” என்று சிரித்தார். பாதி வேடிக்கை, பாதி உண்மை. டீசலில் கலக்கிற மெத்தில் எஸ்டர் செம்பனை எண்ணெயிலிருந்து வருவதுதான். பழைய டாங்கியில் பல வருடமாகப் படிந்த அழுக்கை அது கரைத்து எடுத்துக்கொண்டு வரும்; அந்த அழுக்கு ஃபில்டரில் போய் உட்காரும். இரண்டு ஃபில்டர் மாற்றினால் சரியாகிவிடும் என்றார். சரியாகிவிட்டது. இன்ஜினைக் கெடுத்தது என்று நான் பழி சொல்லமாட்டேன். எனக்கு முன்கூட்டிச் சொல்லாமல் என் டாங்கியைக் கழுவிவிட்டார்கள், அவ்வளவுதான்.

பிறகு விசாரித்தால் பெரிய கதை. தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2006-இல் வந்தது. முதலில், எஸ்டராக்காமல் சுத்திகரித்த செம்பனை எண்ணெயையே நூற்றுக்கு ஐந்து டீசலில் ஊற்றி, ‘என்வோ டீசல்’ என்று பெயர் வைத்தார்கள். இன்ஜின் செய்கிறவர்கள் உத்தரவாதம் தரமாட்டோம் என்றதும் அது போயிற்று. எஸ்டர் வந்தது. 2011-இல் பி5, 2014-இல் பி7, 2019 பிப்ரவரி 1 முதல் பி10 கட்டாயம். ‘பி’க்குப் பக்கத்தில் இருக்கும் எண், நூற்றில் எத்தனை பங்கு செம்பனை என்பது. 2018 கடைசியில் கச்சா செம்பனை எண்ணெய் டன் 2,000 வெள்ளிக்குக் கீழே விழுந்து, கிடங்குகள் நிரம்பிக் கிடந்ததை நினைத்தால் பத்தாக்கிய காரணம் புரியும். விற்காத எண்ணெய்க்கு நம் டாங்கி கிடங்கு.

இதில் நான் ரொம்பவும் கத்த முடியாது. டன்னுக்கு இருபது வெள்ளி ஏறினாலும் என் நான்கு ஏக்கரும்தான் சிரிக்கிறது. நான் வெட்டிய குலை ஆலைக்குப் போய், எஸ்டராகி, என் பிக்கப்பிலேயே திரும்ப ஏறுகிறது. என் மகன் இதை ‘கூட்டுக்குடும்பம்’ என்கிறான்.

தெரிவே இல்லையா என்றால், உண்டு. செம்பனை குறைவாக உள்ள யூரோ 5 பி7 டீசல் விற்கிற இடங்களில் லிட்டருக்கு 20 காசு கூடுதல். என் தோட்டத்துச் சரக்கு கொஞ்சம் குறைவாக இருக்கட்டும் என்று கேட்க நான் 20 காசு தண்டம் கட்டவேண்டும். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து ஒரே இரவில் 3 வெள்ளி 35 காசு ஆனபிறகு, அந்த ஆசையும் வற்றிவிட்டது. கேமரன் மலைக்குச் செம்பனை அளவைப் பற்றிய கவலை இல்லை. குளிரில் செம்பனை எஸ்டர் மார்கழித் தேங்காய் எண்ணெய் மாதிரி உறையப் பார்க்கும். ஆகவே பி20 திட்டம் போட்டபோது மலைப்பகுதிகளுக்குப் பி7 போதும் என்று விட்டுவைத்தார்கள். குளிர் சொன்னால் கேட்கிறார்கள்.

சேலத்தில் இருக்கும் மாமா மகனிடம் போனில் இதைச் சொன்னால் அவன் அழுகை என்னுடையதைவிடப் பெரிது. அங்கே பெட்ரோலில் நூற்றுக்கு இருபது எத்தனால். கரும்பு, அரிசி, மக்காச்சோளத்திலிருந்து வடித்தது. “நம்ம தோட்டத்துல தாத்தா கள்ளுக்கடைக்குப் போவாருன்னு சொல்வியே மச்சான், இப்ப என் பைக்கே போகுது” என்கிறான். எத்தனாலில் வெப்பச் சக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு; மைலேஜ் இறங்கத்தான் செய்யும். பழைய வகைக் கார்களுக்கு நூற்றுக்கு 6, 7 வரை இறங்கலாம் என்று நிதி ஆயோக் 2021-லேயே எழுதிவைத்தது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் விற்கவேண்டும், பம்பில் அளவைத் தெளிவாக ஒட்டவேண்டும் என்று ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். 2025 செப்டம்பர் 1 அன்று மனு தள்ளுபடி. அவன் பைக்குக்கு 20 காசு தண்டம் கட்டித் தப்பிக்கிற வழிகூட இல்லை. நமக்கு 20 காசாவது இருக்கிறதே என்று அன்றைக்கு யோங் பெங்கில் பிறந்ததற்குப் பெருமைப்பட்டேன்.

இப்போது என் கப்சாய் மோட்டார்சைக்கிளுக்கு ரோன் 95 ஊற்றப் போனால், அடையாள அட்டையைச் செருகவேண்டும். 2025 செப்டம்பர் கடைசியில் தொடங்கிய ஏற்பாடு: குடிமகனுக்கு லிட்டர் 1 வெள்ளி 99 காசு, அப்போது மாதத்துக்கு 300 லிட்டர் வரை. நான் யார், இந்த மாதம் எவ்வளவு ஊற்றிவிட்டேன், இன்னும் எவ்வளவு பாக்கி என்று அந்த இயந்திரம் ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது. மெட்ரோலேக்கை என் வாயிலேயே விட்டுப் பார்த்த மாதிரி.

அப்பாவின் குவளை இன்னும் வீட்டில் இருக்கிறது. கோடு பாதி அழிந்துவிட்டது. மனைவி கோழிக்குத் தவிடு அள்ளுகிறாள்.

சம்பந்தப்பட்ட ஐயாமார்களுக்கு ஒரு விண்ணப்பம். டீசல் ரசீதில் லிட்டர், விலை, பம்பு எண், நேரம், நன்றி மீண்டும் வருக எல்லாம் அச்சாகிறது. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி: இன்றைக்கு உள்ளே எத்தனை பங்கு செம்பனை. மை செலவுக்கு வேண்டுமானால் லிட்டருக்கு ஒரு காசு கூட்டிக்கொள்ளுங்கள், தருகிறோம்.