மிதிக்காமலே ரேஸ் ஆகும் கார்

சிக்னலில் சிவப்பு விழுந்து, நியூட்ரலில் போட்டு, காலையும் எடுத்த பிறகு என்ஜின் தானாக 'ஊஊஊம்' என்று ஏறினால் கார்க்காரர் படும் பாடு சொல்லி மாளாது. பக்கத்தில் நிற்கும் பைக் இளைஞன் அதைச் சவாலாக எடுத்துக்கொண்டு தன் பங்குக்கு இரண்டு முறுக்கு முறுக்குவான். முன்னால் நிற்கும் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "வழி இருந்தா பறந்து போ" என்பார். ஆர்பிஎம் மீட்டரில் முள் 800-இல் இருந்து 1,800-க்குப் போகும், யோசிக்கும், திரும்பி வரும். 'நான் மிதிக்கலைங்க' என்று காலைத் தூக்கிக் காட்டவா முடியும்?

சென்னையில் இப்படியொரு கார் இருந்தது. பத்து வயதைத் தாண்டிய பெட்ரோல் கார். சொந்தக்காரர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், பைசா விடாமல் கணக்குப் பார்ப்பவர். மெக்கானிக்கிடம் போகும் முன்பே அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் பார்க்கிங்கில் நோய் தீர்மானமாகிவிட்டது. மூன்றாவது மாடிக்காரர் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார். குடியிருப்புச் சங்கச் செயலாளர் காரை விற்றுவிடச் சொன்னார். வாட்ச்மேன் மட்டும், "ஏசிய ஆஃப் பண்ணிப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டார். அவரை யாரும் சட்டை செய்யவில்லை.

அங்கே கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். ஏசி கம்ப்ரசர் ஓடும்போது என்ஜினுக்குச் சுமை கூடும். அணைந்துவிடாமல் இருக்க, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரே வேகத்தைச் சற்று ஏற்றிவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் 1,200, 1,500 என்று சத்தமாக ஓடி, சூடேறியதும் 700, 800-க்கு இறங்குவதும் இயல்புதான். சூடான பிறகும் இறங்காவிட்டாலோ, ஏறியும் இறங்கியும் அலைந்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

வேறொரு இடத்தில் பார்த்தும் தீராமல், சொந்தக்காரர் புதுப்பேட்டைப் பக்கம் ஒரு ஷெட்டுக்குக் காரைக் கொண்டுபோனார். உள்ளே நுழைந்ததும் கார் பரம சாதுவாகிவிட்டது. எல்லாக் கார்களுக்கும் இந்தக் குணம் உண்டு. வேறு வழியில்லாமல் சொந்தக்காரரே வாயால் ஓட்டிக் காட்டினார்: "ஊ... ஊ... ம்ம்ம்... ஊஊ!" பக்கத்து டிங்கரிங் கடையில் தகரம் தட்டிக்கொண்டிருந்தவர் சுத்தியலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவில் டாம், ரே மக்லியோஸி என்ற சகோதரர்கள் இதை வைத்தே புகழ் பெற்றார்கள். இருவரும் எம்ஐடி பட்டதாரிகள். பாஸ்டன் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார்கள். 1977-இல் உள்ளூர் வானொலியில் தொடங்கிய அவர்களது 'கார் டாக்' நிகழ்ச்சி 1987 முதல் 2012 வரை நாடு முழுக்க ஒலித்தது. நேயர்கள் ஃபோனில் தங்கள் காரைப் போலவே கத்துவார்கள். சகோதரர்கள் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு நோயைச் சொல்வார்கள்.

நம் மெக்கானிக் சிரிக்கவில்லை. "சூடா இருக்கும்போது வருதா, ஆறினப்புறம் வருதா சார்?" என்று கேட்டார்.

"நாலு பேர் பார்க்கும்போது வருது."

அந்தக் காலத்தில் இவ்வளவு விசாரணை கிடையாது. 1983-இல் மாருதி 800 வந்தபோது அதன் 796 சிசி என்ஜினுக்குக் கார்புரேட்டர்தான். ஐடிலிங் (மிதிக்காமல் நிற்கும்போது ஓடும் வேகம்) அதிகம் என்றால் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு கால் திருப்பு. காதுக்குச் சரியாகப் பட்டால் வேலை முடிந்தது. இப்போது உள்ளே போகும் காற்றைச் சென்சார் அளக்கிறது, அதற்கேற்பக் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடுகிறது. கல்யாண மண்டப வாசலில் தலை எண்ணி சமையல்காரருக்குச் சொல்லும் மாமாவின் உத்தியோகம் அது. கொல்லைப்புறமாக நாற்பது பேர் நுழைந்து பந்தியில் உட்கார்ந்தால் மாமா என்ன செய்வார்? வெடித்த ரப்பர் ஹோஸ், இற்றுப்போன மேனிஃபோல்டு பேக்கிங் வழியாகக் காற்று திருட்டுத்தனமாக நுழையும்போது நடப்பதும் இதுதான். கணக்கு உதைக்கிறதே என்று கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், வேகம் எகிறும். காலே வைக்காமல் இவ்வளவு வேகமா என்று பயந்து பெட்ரோலை நிறுத்தும், வேகம் சரியும். அணைந்துவிடுமே என்று பதறி மறுபடி கொடுக்கும். பாவம், அதன் மேல் தப்பில்லை.

ஸ்கேனர் போட்டால் தெரிந்துவிடாதா? அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமான ஓபிடி-2 முறையில் ஒவ்வொரு கோளாறுக்கும் ஓர் எண் உண்டு. இந்தக் காரில் பி0507 வந்தது. அதன் பொருள்: ஐடிலிங் வேகம் எதிர்பார்த்ததைவிட அதிகம். இதைத்தான் சொந்தக்காரர் இலவசமாக, சத்தத்தோடு, ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

வண்டி ஓடும்போது என்ஜின் மட்டும் கத்தி, வேகம் கூடவில்லை என்றால் அது வேறு வியாதி: கிளட்ச் ஸ்லிப். ஏற்காடு மலையேறும்போது எளிதில் காட்டிக்கொடுத்துவிடும். சிவிடி கியர்பாக்ஸ் கார் வாங்கிய புதிதில் இதே புகாரோடு வருகிறவர்களும் உண்டு. அந்தக் கார்களின் இயல்பே அப்படித்தான்.

கோளாறைவிடப் பயம் பெரிதாகிவிடுவதும் உண்டு. 1986 நவம்பரில் அமெரிக்காவின் '60 மினிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சி, ஆடி 5000 கார் தானாகப் பாய்கிறது என்று காட்டியது. அதற்காகக் கியர்பாக்ஸில் துளை போட்டு வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்திருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. 1989-இல் அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்து, பெரும்பாலும் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்ததே காரணம் என்றது. அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது: சில கார்களில் ஐடிலிங்கைச் சீராக வைக்கும் பாகம் பழுதாகி, என்ஜின் லேசாக எகிறியிருந்தது. அந்தச் சின்ன 'ஊம்'மே ஓட்டுநரைத் திடுக்கிட வைத்து, காலைத் தவறான இடத்தில் வைக்கச் செய்திருக்கலாம்.

2009-இல் டொயோட்டா கார்களின் மீது இதே புகார் கிளம்பியபோது நாசா பொறியாளர்களையே கூப்பிட்டார்கள். எலெக்ட்ரானிக்ஸில் குற்றமில்லை என்று 2011-இல் முடிவானது. மிஞ்சியவை ஒட்டிக்கொள்ளும் பெடலும் கால்மிதியும்தான். கம்பெனி மேட் மேல் இன்னொரு மேட், அதன் மேல் பிளாஸ்டிக் ஷீட் என்று அடுக்கும் நம் ஊர்க்காரர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கலாம். ஓடும்போதே என்ஜின் வெறிபிடித்தால் பிரேக்கை அழுத்தி மிதித்து, நியூட்ரலில் போட்டு, ஓரங்கட்டிய பிறகு ஆஃப் செய்வதே முறை. ஓட்டத்திலேயே சாவியைப் பிடுங்கினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

ஷெட்டுக்கு வருவோம். அதற்குள் கார் மறுபடி தன் குணத்தைக் காட்டத் தொடங்கியிருந்தது. இதற்கு முன் போன இடத்தில் பிளக் மாற்றியிருந்தார்கள், பிறகு ஒரு சென்சார், பிறகு த்ராட்டில் பாடி. அடுத்து ஈசிஎம், அதாவது அந்தக் கம்ப்யூட்டரையே, மாற்ற வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். இந்த மெக்கானிக் ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் செருகிக்கொண்டு, மறுமுனையை என்ஜின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ் வளையும் இடத்தில் நின்றார். கிளாம்ப்பை ஒட்டி அடிப்பக்கம் ஒரு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியாது, 'ஸ்ஸ்' என்று உறிஞ்சிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். முள் 800-க்கு வந்து அசையாமல் நின்றது. விரலை எடுத்தார், 'ஊம்'. வைத்தார், அடங்கியது. சொந்தக்காரர் தானும் ஒருமுறை விரல் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

பில் வந்தது. ஹோஸ், கிளாம்ப், அதற்குக் கீழே 'செக்கிங்' என்று ஐந்நூறு ரூபாய்.

"அண்ணே, பார்ட்ஸுக்குக் கொடுக்கறேன். சும்மா காதை வச்சுக் கேட்டதுக்கு ஐந்நூறா?"

முன்பு ஒன்றுக்கும் உதவாத சென்சாருக்கு வாய் பேசாமல் பல ஆயிரம் கொடுத்தவர் அவர். அட்டைப்பெட்டியோடு பழைய சென்சாரையும் வாங்கி வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார். மெக்கானிக் வாக்குவாதம் செய்யவில்லை. 'செக்கிங்' வரியைப் பேனாவால் அடித்தார். ஹோஸ் விலையில் ஐந்நூறைக் கூட்டி எழுதினார். சொந்தக்காரர் மொத்தத்தைச் சரிபார்த்து, திருப்தியாகப் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.