ஒழுகும் கூரைகளின் அதிபதிகளுக்கு

அனுப்புநர்: படுவான்கரைப் பழைய மாணவர்கள், கொக்கட்டிச்சோலை.
பெறுநர்: பழைய பாடசாலைக் கட்டடங்களை இடிக்க ஒப்பமிடும் அதிகாரிகள்.
விடயம்: இடிக்காமலே இடிக்கும் முறைக்குப் பாராட்டு.

பழம்பெரும் கல்விக்கூடம் ஒன்றை இல்லாமற்செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இடிக்கப்போவதாக அறிவிப்பது. மற்றது, எதுவுமே செய்யாமல் இருப்பது. இரண்டையும் ஒரே வளாகத்தில் பரீட்சித்த பெருமை சென்னைக்கு உரியது.

மெரினாக் கடற்கரைக்கு எதிரேயுள்ள இராணி மேரிக் கல்லூரி 1914இல், கேப்பர் ஹவுஸ் என்னும் பழைய மாளிகையில் தொடங்கியது. 2003இல் ஜெயலலிதா அரசு, கல்லூரியை அகற்றிவிட்டு அங்கே தலைமைச் செயலகம் எழுப்பப்போவதாக அறிவித்தது. மாணவியர் போராட்டத்தில் இறங்கினர். ஆதரவு தெரிவிக்க உள்ளே சென்ற மு.க. ஸ்டாலின் கைதானார், ஈற்றில் திட்டம் கைவிடப்பட்டது. முதலாம் வழி தோற்றது.

இரண்டாம் வழி வென்றது. கவனிப்பாரின்றிப் பாழடைந்த கேப்பர் ஹவுஸ் இன்று இல்லை. அது நின்ற இடத்தில் 2010இல் கலைஞர் மாளிகை திறக்கப்பட்டது. கேணல் கேப்பரின் பெயர் போய், முதலமைச்சர் ஒருவரின் பட்டப்பெயர் வந்தது.

எமது பாடசாலைகளிலும் இவ்வழியைக் கையாளத் திறமை தேவையில்லை, பொறுமை போதும். முதலில் பீலியில் சருகு அடைய விடப்படும். மாரி மழை சுவருக்குள் இறங்கும். உடைந்த ஓடு மாற்றப்படாததால் வளையும் கைமரமும் உக்கும். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவருக்குச் சீமெந்து பூசப்படும். உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரைத் தின்னும். வெடிப்பில் ஆலங்கன்று முளைக்கும். அதன்பின் ‘பாவனைக்கு உதவாது’ என்ற பலகை தொங்கும். பிள்ளைகளின் பாதுகாப்பு அப்போதுதான் கோப்புக்குள் வரும். அதற்கு முந்திய மழைகளில் அவர்கள் வாங்கை இழுத்து இழுத்து ஒதுங்கியிருந்தது எந்தக் கோப்பிலும் இராது. பின்னர் விலைமனு, மர ஏலம், அடிக்கல், பிரதம அதிதி, மாலை. கட்டடத்தை வீழ்த்தியது யார் என்று கேட்டால், வயது என்பதே அலுவலகப் பதில்.

இலங்கையில் சட்டம் இல்லாமலில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, பழைய கட்டடமொன்றைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக வர்த்தமானியில் பிரகடனம் செய்யலாம். ஆனால் பிரகடனத்துக்குக் கடிதம் வேண்டும், சிபாரிசு வேண்டும், ஒப்பம் வேண்டும். கூரை ஒழுகுவதற்கு எவருடைய ஒப்பமும் வேண்டியதில்லை.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தை இடிக்க வந்த பறங்கியரின் கண்முன்னே கல் நந்தி எழுந்து புல் தின்று சாணமிட்டதாக ஐதீகம்; கோயில் தப்பியது. பாடசாலைகளுக்கு அத்தகைய நந்தி கிடையாது. இருந்தாலும் கல்வித் திணைக்களக் கோப்பு ஒன்று அதனிடம் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கேட்டிருக்கும்.

எனவே கோரப்படுபவை மூன்று. ஒவ்வோர் ஆண்டும் மாரிக்கு முன் பீலி துப்புரவாக்கி, உடைந்த ஓடுகள் மாற்றப்பட வேண்டும். இடிப்பதற்கான மதிப்பீட்டோடு திருத்துவதற்கான மதிப்பீடும் ஊராருக்குக் காட்டப்பட வேண்டும். இவ்விரண்டும் இயலாதெனில், புதிய கட்டடத்தின் பெயர்க்கல்லில் திறந்துவைத்தவரின் பெயருக்குக் கீழே, பழையதை ஒழுக விட்டவர்களின் பெயர்களும் பதவிகளும் பதவிக்கால வரிசையில் பொறிக்கப்பட வேண்டும். கல் போதாவிடின், பழைய சுவரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.