ஏழு திரையும் ஒரு கம்பியும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, மழை சற்றே ஓய்ந்திருந்த வேளையில், சென்னையிலிருந்து எங்கள் அந்தமான் தீவு பார்க்க வந்திருந்த நண்பர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து, நாற்காலியில் அமர்த்தி, காப்பியும் கொடுத்து, எம்.டி. ராமநாதனின் இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிட்டேன். அந்த மகானுபாவர் மந்தர ஸ்தாயியில் இறங்கி, அவசரம் என்ற வார்த்தையையே கேள்விப்படாதவர்போல் நிதானமாகச் சஞ்சரித்துக்கொண்டிருக்க, நண்பரோ எழுந்து ஸ்பீக்கருக்குப் பின்னால் போய், குனிந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது, வீட்டு ஒயரிங் கம்பியையா மாட்டியிருக்கீங்க?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் ரீங்கரித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மட்டும் எந்தக் கம்பியும் தேவைப்படவில்லை.

குறைந்த செலவில் நல்ல நாதம் தரும் கம்பி எது என்பது பற்றி நாலு பேருக்குப் பிரயோஜனமாக ஏதாவது எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் அதற்கு முன்பு ஒரு திரையின் சமாசாரத்தைச் சொல்லியாக வேண்டும்.

விலையுயர்ந்த கம்பியை மாட்டிய எந்த ரசிகரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "ஒரு திரை விலகின மாதிரி இருந்தது" என்பார். நண்பரும் அட்சரம் பிசகாமல் அதையே சொன்னார். பிறகு அதைவிட ஒசத்தியான கம்பி வருகிறது. இன்னொரு திரை விலகுகிறது. முதல் திரை விலகியபோதே பின்னால் இரண்டாவது திரை தொங்கியிருக்குமே, அதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டால் மனிதருக்குக் கோபம் வந்துவிடுகிறது. வடலூரில் வள்ளலார் 1872இல் திறந்த சத்திய ஞான சபையிலும் திரைகள் உண்டு: கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு என்று ஏழு. தைப்பூசத்தன்று அவை ஒவ்வொன்றாக விலகி, ஏழாவதும் விலகியதும் ஜோதி தெரியும். ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அன்னதானமும் சாப்பிட்டு, ஊர் திரும்புவார்கள். அருட்பெருஞ்ஜோதிக்கே ஏழோடு கணக்கு முடிந்தது. ஹை-ஃபை அன்பர்களுக்கோ எட்டாவது உண்டு, ஒன்பதாவது உண்டு. ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் கொண்டுவரும் ஒயருக்கு ஒரு திரை; அந்த ஒயரின் பிளக்குக்கு ஒரு திரை; அதற்குள் இருக்கும் ஃபியூஸுக்கு அரைத் திரை. கம்பியைத் தரையில் கிடத்தாமல் பீங்கான் கால்களின்மேல் தூக்கி நிறுத்தினால் அதற்கும் ஒரு கால் திரை. (இந்த ஊரில் அப்படி நிறுத்தினால் பூரான்களுக்குப் பாலம் கட்டிக் கொடுத்த புண்ணியந்தான் மிஞ்சும்.) புதுக் கம்பியில் நூறு மணி நேரம் பாட்டை ஓடவிட்டுப் 'பழக்க' வேண்டுமாம், பழகப் பழகத் திரை நூல் நூலாகப் பிரியுமாம். கம்பியின்மேல் அம்புக்குறி போட்டிருக்குமாம். திசை மாற்றி மாட்டினால், விலகிய திரைகள் எல்லாம் திரும்பி வந்து தொங்குமாம். ஸ்பீக்கருக்குப் போகும் மின்னோட்டம் விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை முன்னும் பின்னும் அலைவது என்று பள்ளிக்கூடத்துப் பையனுக்குக்கூடத் தெரியும். ஓயாமல் போவதும் வருவதுமாக இருக்கிற ஒன்றுக்கு ஒருவழிப்பாதை எதற்கு என்று நான் கேட்டதற்கு, "அதெல்லாம் காதுக்குத்தான் சார் தெரியும்" என்று பதில் வந்தது. அந்தக் காதுக்கு, அன்று ராமநாதன் பாடியது என்ன ராகம் என்பது தெரியவில்லை என்பதை இங்கே வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

நண்பர் விடைபெற்றுப் போனபின் கதவைத் தாளிட்டுக்கொண்டு, அதே இசைத்தட்டை மறுபடி போட்டு, திரை ஏதாவது தொங்குகிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தது வாஸ்தவந்தான். தொங்கத்தான் செய்தது. வருஷத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் மழை கொட்டுகிற ஊரில் துணி காயப்போட வேறு இடம் ஏது? ஸ்பீக்கருக்கு நேர் எதிரே, கூடத்துக் கொடியில், என் மனைவியின் ஈரச் சேலை.

கணக்கு என்று ஒன்று இருக்கிறதே, அதையும் பார்த்துவிடுவோம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, மூன்று மீட்டர் போய் மூன்று மீட்டர் திரும்பினால், அதன் தடை ஏறத்தாழ 0.045 ஓம். ஸ்பீக்கரோ 8 ஓம். அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது 0.4 ஓம் வரை கம்பிக்கு விட்டுக்கொடுக்கலாம் என்பது பொறியாளர்களின் பழைய வழக்கம். பிராணவாயு நீக்கிய செம்பு என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதன் கடத்துதிறன் சாதாரண மின்செம்பைவிட ஒரு சதவீதம் கூடினால் அதிகம். அமெரிக்காவில் 2007இல், பன்னிரண்டு அடி ஜோடி 7,250 டாலர் விலையுள்ள ஒரு ஸ்பீக்கர் கம்பியையும் சாதாரணக் கம்பியையும் காதால் மட்டுமே பிரித்தறிந்து காட்டுகிறவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று ஜேம்ஸ் ராண்டி என்ற மாயவித்தைக்காரர் அறைகூவினார். பேச்சு பலமாக நடந்தது, பரீட்சை நடக்கவேயில்லை.

தீவுக்காரர்களான எங்களுக்கும் இணையத்துக்கென்று ஒரு கம்பி உண்டு. 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி பிரதமர் தொடங்கிவைத்தது. சென்னையிலிருந்து கடலுக்கடியில் போர்ட் பிளேருக்கும் (2024இல் சர்க்கார் இதை ஸ்ரீ விஜயபுரம் ஆக்கிவிட்டது) அங்கிருந்து மற்றத் தீவுகளுக்குமாகச் சுமார் 2,300 கிலோமீட்டர். செலவு 1,224 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள், மீட்டருக்கு ஐயாயிரத்துச் சொச்சம் வருகிறது. மேற்படி அமெரிக்கக் கம்பியோ, அன்றைய மதிப்பிலேயே மீட்டருக்கு எழுபதாயிரம் ரூபாய்க்குக் குறையாது. அது கண்ணாடி இழை, இது செம்பு, ஒப்பிடலாகாது என்று நண்பர் ஆட்சேபிப்பார். ஆட்சேபிக்கட்டும். சுறாமீன் உலாவுகிற ஆழத்தில் கிடப்பதற்கு ஐயாயிரம், என் கூடத்தில் பூரான் உலாவுகிற தரையில் கிடப்பதற்கு எழுபதாயிரம் என்றால், இதில் எங்கேயோ நியாயம் தவறியிருக்கிறது.

ஒரு மீட்டர் பவர் கேபிளை மாற்றினால் மின்சாரம் பரிசுத்தமாகிவிடும் என்கிறார்கள். டீசல் ஜெனரேட்டரில் பிறந்து, உப்புக்காற்றில் கம்பம் கம்பமாகத் தொங்கி, மரக்கிளை முறிந்தால் மூர்ச்சையாகி, ஒருவாறு என் வீடு வந்து சேரும் மின்சாரத்துக்குக் கடைசி ஒரு மீட்டரில் என்ன ஞானஸ்நானம் செய்துவைப்பது?

இந்தத் தீவில் நாதத்துக்கு உண்மையான சத்துரு உப்புக்காற்று. எந்தக் கம்பியானாலும் முனையில் பச்சைக் களிம்பு பூத்துவிடும். முலாம் தேய்ந்த ஆர்.சி.ஏ. பிளக் இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிசயம். ஆகவே ஞாயிறுதோறும் பென்சில் ரப்பரால் பிளக்குகளைத் தேய்த்துத் துலக்குகிறேன். "இந்தச் சிரத்தையிலே பாதியைச் சுவாமி விளக்கு மேலே காட்டியிருந்தா புண்ணியமாவது கிடைச்சிருக்கும்" என்பது மனைவியின் அபிப்பிராயம். வலைக்கடைகளோ 744 என்று தொடங்கும் அஞ்சல் குறியீட்டைக் கண்டதும் பொருளை அனுப்ப இயலாது என்று கைவிரித்துவிடுகின்றன. அபர்டீன் பஜாரில் ஒயர் கடைக்காரர் மட்டுந்தான் மனிதராக நடந்துகொள்கிறார். "ஸ்பீக்கருக்கா சார்? எத்தனை மீட்டர்?" என்று கேட்டு, மர அளவுகோலில் இழுத்து, வெட்டி, சுருட்டிக் கொடுத்துவிடுவார். திரையைப் பற்றி அவர் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. படகுக்காரர்கள் உபயோகிக்கும் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி கிடைத்தால் இன்னும் விசேஷம். களிம்பு எளிதில் ஏறாது.

தீவுக்கு வரும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். தயவுசெய்து கம்பி எதுவும் கொண்டுவர வேண்டாம். உங்கள் வீட்டில் புதுச் செருப்பு, கைப்பை வாங்கிய பெட்டிகளில் சிலிகா ஜெல் பொட்டலங்கள் கிடந்தால் சேர்த்து எடுத்துவாருங்கள். என் இசைத்தட்டுகளில் பூஞ்சைக் காளான் ஏறிக்கொண்டிருக்கிறது.