ஓரிரு இடங்களில் மழை

வாரும் மருமகனே. சென்னை உத்தியோகத்தை உதறிட்டு விளாத்திகுளத்துப் பக்கம் நாலு ஏக்கர் கரிசல் வாங்கியிருக்கீராமே! நல்ல காரியம். மாசாமாசம் தவறாம சம்பளம் வந்து உமக்கு அலுத்துப்போயிருக்கும். இங்க அந்தத் தொந்தரவு கிடையாது.

மண்ணைப் பத்திக் கவலைப்படாதேயும். கரிசல் ரோசமுள்ள மண்ணு. கோடையில முழங்கை வரைக்கும் கையை விடலாம், அப்படி வெடிச்சுக் கிடக்கும். மழை விழுந்ததும் குடிச்சு, உப்பி, வெடிப்பை மூடிக்கிட்டு அந்த ஈரத்தை லேசுல விடாது. உம்மையும் விடாது. பதம் தெரியாம காலை வச்சீருன்னா கால் உமக்கு, செருப்பு அதுக்கு. டிராக்டரை இறக்கினா அதை இழுக்க இன்னொரு டிராக்டர், அதை இழுக்க ஊரு. அதனாலதான் பெய்ஞ்ச பிறகு விதைச்சுக்கிடலாம்னு இங்க உக்கார முடியாது. மழைக்கு முந்தியே, புரட்டாசியில, காஞ்ச புழுதியில விதையைப் போட்டுரணும். கடன் வாங்கி விதை வாங்கி, ஈரமில்லாத மண்ணுக்குள்ள, மேகமில்லாத வானத்தை நம்பிப் புதைக்கணும். உம்ம பழைய கம்பெனியில இப்படி ஒரு திட்டம் எழுதி நீட்டியிருந்தா வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பியிருப்பாங்க.

அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. விதை மேலாக விழுந்தா ஒரு தூத்தலுக்கே முளைச்சிரும். அடுத்த மழை பத்து நாள் தள்ளினா கருகிரும். ரெண்டு அங்குல ஆழத்துல கிடந்தா, 20, 25 மில்லிமீட்டர் ஒழுங்காப் பெய்ஞ்சாத்தான் ஈரம் அதுகிட்டப் போகும். அதுவரைக்கும் உறங்கிக்கிட்டுக் கிடக்கும், நீர்தான் உறங்க மாட்டீரு. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்திலயும் இதைத்தான் சொல்லுதாங்க. அவங்க சொன்னதாவே வச்சுக்கிடும். நான் சொன்னா, கிழவன் பொலம்புதான்னு போயிருவீரு.

ஆடியில மேற்க பார்த்தா மலை மேல மேகம் கருகருன்னு குவிஞ்சு நிக்கும். உடனே மண்வெட்டியைத் தூக்கிராதேயும். அது குற்றாலத்துக்காரங்களுக்கு. மலை மழையை வாங்கிக்கிட்டு நமக்குக் காத்தை மட்டும் அனுப்பி வைக்கும். கயத்தாறுல காத்தாடி வச்சிருக்கவங்களுக்குத்தான் ஆடியில அறுவடை. நமக்குக் கண்ணு நிறைய மண்ணு.

நம்ம மழை கிழக்க இருந்து, ஐப்பசி பிறந்த பிறகு வரணும். எப்போ வரும்னு கேக்கீரா? புரட்டாசியில பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்னு பெரியவங்க சொல்லி வச்சிருக்காங்க. காய்ஞ்சாலும் சொன்னது பலிச்சது, பெய்ஞ்சாலும் பலிச்சது. வானிலை மையத்துக்காரங்களும் இந்த வித்தையை நல்லாப் படிச்சிருக்காங்க. ‘ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை.’ அந்த ஓரிரு இடம் எப்பவும் பக்கத்துக் காடுதான், எனக்குத் தெரிஞ்சு.

சராசரியை நம்பிக் கணக்குப் போடாதேயும். தூத்துக்குடி ஜில்லாவுக்கு வருசத்துக்குக் கிட்டத்தட்ட 65 சென்டிமீட்டர் மழைம்பாங்க. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே! ஒன்றரை வருச மழையை ஒரு ராத்திரி, ஒரு பகல்ல இறக்கிவிட்டுப் போயிருச்சு. கடன் வாங்கினவன் மொத்தமாத் திருப்பிக் குடுத்து வாசலை உடைச்ச கதை. உளுந்து கேட்டது நாலு நனைப்பு, வந்தது வெள்ளம். ஆனா புஸ்தகத்துல சராசரி அழகா இருக்கும்.

என்ன விதைக்கணும்னு கேட்டீரு. எங்க அப்பா காட்டுல பருத்தி நிக்கும், ஊடே உளுந்தும் பாசியும் நிக்கும், ஓரத்துல துவரை நிக்கும். பார்க்க அலங்கோலம்தான். மழை முன்னாடியே முடிஞ்சா பாசி எழுபது நாள்ல வீடு வந்திரும். பின்மழை கிடைச்சா பருத்தி மாசி, பங்குனி வரைக்கும் வெடிக்கும். எந்தப் பக்கம் ஏமாத்தினாலும் ஒரு மூலையில ஏதாவது மிஞ்சும். இப்ப நம்மாளுக புத்திசாலி ஆயிட்டாங்க. கண்ணுக்கெட்டின மட்டும் மக்காச்சோளம், கோழித் தீவனத்துக்கு. கதிர் தள்ளுத நேரம் மழை முகத்தைத் திருப்பிக்கிட்டா ஊரே ஒரே நாள்ல சேர்ந்து அழலாம், தனித்தனியா அழ வேண்டியதில்லை. மிச்சம் மீதியைப் பார்த்துக்கிடத்தான் 2018-ல இருந்து படைப்புழு குருத்துக்குள்ள குடியிருக்கே.

கொண்டைக்கடலை கொஞ்சம் போட்டு வையும். மண்ணுல நின்ன ஈரமும் மார்கழிப் பனியுமே அதுக்குப் போதும். பூவெடுக்கும்போது மழை வந்தாத்தான் கேடு. அதனால ஊரோட கோயில்ல நின்னு மழை வேணும்னு கும்பிடும். எல்லாரும் போன பிறகு திரும்பி வந்து, என் கடலைக்காட்டுக்கு மட்டும் வேண்டாம்னு சன்னமாச் சொல்லிட்டு வாரும்.

பயிர்க் காப்பீடு இருக்கேன்னு சிரிக்கீரா? இருக்கு. காப்பீட்டுத் தொகையில உளுந்துக்கு நூத்துக்கு ஒன்றரை ரூபாய், பருத்திக்கு அஞ்சு ரூபாய் கட்டினாப் போதும். ஆனா மழை இல்லாம உம்ம காடு மட்டும் காஞ்சாப் பணம் வராது. மாதிரிக்கு நாலு இடத்துல அறுத்து எடை போட்டு, அந்த வட்டாரத்துக்கே விளைச்சல் குறைஞ்சிருக்கான்னுதான் பார்ப்பாங்க. அதனால உமக்குக் காஞ்ச வருசம் அக்கம்பக்கத்துக்காரங்களுக்கும் காயணும்னு மனசுல ஒரு ஓரமா நினைப்பு ஓடும். ஓடினா வெக்கப்படாதேயும், எங்க எல்லாருக்கும் ஓடுது.

சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு நாளைக்கே போய்ப் பதிஞ்சிரும். கடைசி நாள் போனீருன்னா சர்வர் படுத்திருக்கும். அதை முன்கூட்டிச் சொல்ல இன்னும் எவனும் ராடார் வைக்கலை.