படியேறிய வார்த்தை

கேள்வி: வாசக மேடையும் பிரசங்க பீடமும் ஒன்றுதானா?

பதில்: ஒரே குடும்பம், மூத்தது வாசக மேடை. கிரேக்கத்தில் அம்போன். முதல் நூற்றாண்டுகளில் ஆயர் தம் இருக்கையில் அமர்ந்தே பிரசங்கிப்பார். கான்ஸ்டான்டிநோபிளின் ஆயர் யோவான் கிறிசோஸ்தோம் மக்களுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று வாசக மேடைக்குப் போய்ப் பேசினார். 'பொன்வாய்' என்று பெயர் பெற்றவருக்கே உயரம் தேவைப்பட்டிருக்கிறது!

கேள்வி: பழைய மேடைகளில் உங்களைக் கவர்ந்தது எது?

பதில்: அதே நகரின் ஹாகியா சோபியா ஆலயத்தில் இருந்தது. 558-ல் குவிமாடம் இடிந்து அதன் மேல் விழுந்தது. மறுபடி கட்டினார்கள்: கிழக்கே ஒரு படிக்கட்டு, மேற்கே ஒன்று, மேடைக்கு அடியில் பாடகர்களுக்கு இடம். கவிஞர் பவுல் சிலென்டியாரியஸ் அதற்கென்றே தனிக் கவிதை எழுதி, அலைகளுக்கு நடுவே நிற்கும் தீவாக அதைக் கண்டார்.

கேள்வி: தலைகீழாகப் படம் வரைந்த ஏடு உண்டாமே?

பதில்: உண்டு, அதை நினைத்தாலே எனக்கு மனம் நெகிழும். இடைக்காலத் தென் இத்தாலியில், பாஸ்கா இரவில் திருத்தொண்டர் மேடையேறிப் பாஸ்கா புகழுரையைப் பாடுவார். கையில் நீண்ட தோல்சுருள். பாடப் பாட, பாடி முடித்த பகுதி மேடை விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்கும். பல சுருள்களில் எழுத்து அவர் பக்கம் நேராகவும் படங்கள் அதற்குத் தலைகீழாகவும் இருக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அந்தப் படங்கள் நேர்! லத்தீன் தெரியாத விவசாயியும் புகழுரையில் வரும் மெழுகுவத்தியை, தேனீக்களை, உயிர்த்தவரைக் கண்ணால் படித்திருப்பார். வரைந்தவர் தூரிகையை எடுக்கும்போதே அந்த ஜனங்களை மனத்தில் வைத்திருந்தார்.

கேள்வி: பிரசங்க பீடத்துக்கு மேலே ஒரு பலகைக் கூரை எதற்கு? மைக் வந்துவிட்டதே, கழற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம்! உயர்ந்த கூரைக்குப் போய்க் கரையும் குரலை ஜனங்கள் பக்கம் திருப்பிவிடும் பலகை அது. மின்சாரம் போனால் இன்றும் வேலை செய்யும்.

கேள்வி: சில கோயில்களின் வாசகத் தாங்கியில் வேதாகமத்தைக் கழுகு ஏன் சுமக்கிறது?

பதில்: கழுகு நற்செய்தியாளர் யோவானின் அடையாளம். விரித்த சிறகே புத்தகப் பலகை.

கேள்வி: எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் எல்லா அறிவிப்பும் வாசக மேடையிலிருந்துதான். சரியா?

பதில்: சரியில்லை. ரோமைத் திருப்பலி நூலின் பொதுப் போதனை, வாசகங்களுக்கும் பதிலுரைப் பாடலுக்கும் பாஸ்கா புகழுரைக்கும் உரிய இடம் அது என்கிறது. மறையுரையும் மன்றாட்டும் அங்கே நிகழலாம். நகர்த்தி வைக்கும் சாதாரணத் தாங்கியாக இல்லாமல், நிலையாக அமைந்திருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. சங்கக் கூட்டத்தையும் வாகன நிறுத்தத்தையும் சொல்ல ஓரமாக இன்னொரு மைக் போதும்.