நூலாக இளைக்க ஓர் ஊசி

மண்ணரை வாசகி: எங்க கம்பெனி செக்கிங் அக்கா, ஹெச்சிஜி ஊசி போட்டா நாப்பது நாள்ல பதினஞ்சு கிலோ இறங்கும், பசியே எடுக்காதுங்கறாங்க. நிஜமுங்களா?

பதினைந்து இல்லாவிட்டாலும் சில கிலோ இறங்கும். இறக்கியது ஊசி என்பதுதான் பொய். ஊசியோடு ஒரு சாப்பாட்டுச் சீட்டும் கொடுத்திருப்பார்களே, அதை அக்காவிடம் வாங்கிப் பாருங்கள். நாள் முழுக்க 500 கலோரி என்று இருக்கும். டீ டைமில் ஒரு முட்டை பப்ஸ், இரண்டு டீ முடித்தாலே ஏறக்குறைய அவ்வளவு ஆகிவிடும். அப்புறம் மறுநாள் காலைவரை வாயைத் தைத்துக்கொள்ள வேண்டும். தைக்கத் தெரிந்தவர்கள் நம் திருப்பூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனாலும் வேண்டாம்.

உட்கார்ந்தே வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,660 கலோரி வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் கணக்குச் சொன்னது. ஒன்றரை ஷிப்ட் நின்று செக்கிங் பார்க்கிறவருக்கு அதுவும் போதாது. மூன்றில் ஒரு பங்குகூடச் சாப்பிடாமல் இருந்தால், உப்புத்தண்ணீரை ஊசியாகப் போட்டாலும் உடம்பு இறங்கும். டாக்டர்கள் அதையும் செய்தே பார்த்துவிட்டார்கள்! பாதிப் பேருக்கு ஹெச்சிஜி, பாதிப் பேருக்கு உப்புநீர், எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. இரண்டு பக்கமும் இளைத்தது ஏறக்குறைய ஒரே அளவு, பசியும் அப்படியே. ஹெச்சிஜி பற்றிய 24 ஆய்வுகளை நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 1995-ல் ஒன்றாக அலசி, எடை குறைப்பதில் இந்த ஊசிக்குப் பங்கில்லை என்றார்கள்.

இதன் பூர்வீகம் தெரியுமா? கர்ப்பிணிகளின் நஞ்சுக்கொடியில் சுரக்கிற ஹார்மோன் இது. கர்ப்பம் பார்க்கும் அட்டையில் இரண்டாவது கோடு விழுவது இதனால்தான். ஆல்பர்ட் சிமியன்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர், பம்பாயில் வைத்தியம் பார்த்த காலத்தில் பருத்த சிறுவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு ரோமில் கடை விரித்தார். 1954-ல் 'லான்செட்' இதழில் எழுதினார். எழுபது வருஷப் பழைய சரக்கு! எடையைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரமில்லை என்று மருந்தின் லேபிளிலேயே அச்சிட வேண்டும் என அமெரிக்க அரசு 1975-ல் உத்தரவு போட்டது. குழந்தைப்பேறு சிகிச்சையில் இதற்கு நல்ல வேலை இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.

ஊத்துக்குளி ரோடு வாசகர்: ஆம்பளைங்க போட்டுக்கலாமா?

மார்பு வீங்கக்கூடும். மீடியம் சைஸ் கனவில் போய் எக்ஸ்எல் வாங்கி வருவீர்கள்.

இன்னொருவர்: அதே ஹெச்சிஜி ஆன்லைன்ல சொட்டு மருந்தா வருதே?

ஊசியே செய்யாத வேலையைச் சொட்டு செய்யுமா? அதை விற்ற கம்பெனிகளுக்கு 2011-ல் அமெரிக்காவில் எச்சரிக்கைக் கடிதம் போனது.

அவிநாசி வாசகி: எந்த நடிகை எந்த டயட்?

நடிகைகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் கேட்கக் கூடாது என்று எத்தனை வாரமாகச் சொல்கிறேன்!

பவர்டேபிள் டைலர் ஒருவர்: சம்சாரம், நாத்தனாரோட தைராய்டு மாத்திரையை வாங்கி இளைக்கறதுக்குப் போடறாங்க. தப்புங்களா?

ரொம்பத் தப்பு. தைராய்டு குறைவாகச் சுரப்பவருக்கு அது மருந்து. சரியாகச் சுரப்பவர் அதிகமாகப் போட்டால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் போகும், நாளாவட்டத்தில் எலும்பும் தேயும். இன்றைக்கே நிறுத்தி, டாக்டரிடம் உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள்.

மண்ணரையிலிருந்து ஒரு தாய்: தையில் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் "பொண்ணு கொஞ்சம் கனம்" என்றார்கள். யாரிடமோ ஹெச்சிஜி ஊசி போட்டு, ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிறாள். இளைத்துவிட்டாள். ஆனால் முடி கொத்தாக வருகிறது, இரண்டு மாதமாகத் தூரமாகவில்லை, மெஷினில் உட்கார்ந்தால் தலை சுற்றுகிறதாம்.

அம்மா, இந்த வாரம் வேறு எதற்கும் லீவு போடாவிட்டாலும் இதற்குப் போடுங்கள். தாராபுரம் ரோட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கே கூட்டிப் போங்கள். என்ன ஊசி, எத்தனை நாள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தத்தில் பொட்டாசியம், சோடியம் பார்ப்பார்கள், ஈசிஜி எடுப்பார்கள். பட்டினியில் இந்த உப்புகள் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல்லும் சேரும். இந்த ஊசி போட்டிருந்தால் கர்ப்ப அட்டை பொய்யாகவும் கோடு காட்டும், அதைப் பார்த்து மகளைச் சந்தேகப்பட்டுவிடாதீர்கள். வயிறு உப்பி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ காத்திருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். பயந்துபோய் ஒரேயடியாக விருந்து போட்டுவிடவும் வேண்டாம். பட்டினி கிடந்த உடம்புக்குச் சாப்பாட்டை எப்படிக் கூட்டுவது என்று டாக்டர் சொல்வார்.

குறைந்த எடையில் கொழுப்போடு தசையும் போயிருக்கும். ஜிஎஸ்எம் குறைத்த துணியிலும் பீஸ் எடை குறையும்தான், அதை யார் நல்ல துணி என்பார்கள்? இன்னொன்று: பெண்ணின் கனத்தைச் சொல்லிவிட்டுப் போனார்களே, மாப்பிள்ளையின் தொப்பையைப் பற்றி உங்கள் வீட்டில் யாராவது கேட்டீர்களா? இனியாவது கேளுங்கள். கேட்டதற்காக நின்றுபோகும் கல்யாணம் நின்றே போகட்டும்.

பல்லடம் வாசகர்: மவுன்ஜாரோவும் ஹார்மோன் ஊசிதானே? அதை மட்டும் ஏன் திட்டவில்லை?

நியாயமான கேள்வி. 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. குடலில் சுரக்கும் ஹார்மோன்களைப் போல வேலை செய்து பசியைக் குறைக்கும். உப்புநீரை வென்று காட்டிய மருந்து, அதனால் மரியாதை. ஆனால் வாந்தி, பேதி உண்டு, கணைய அழற்சியும் வரலாம். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பி ஏறும். குடும்பத்தில் சில வகைத் தைராய்டு புற்று இருந்தால் தொடவே கூடாது. டாக்டர் சீட்டு இல்லாமல் தெரிந்த மெடிக்கலில் வாங்கிக் கல்யாணத் தேதிக்குள் இளைக்க நினைப்பவருக்கு இதுவும் ஆபத்துதான்.

கேள்வி: வெறும் ஜூஸ் குடித்தே மூன்று மாதம் ஓட்டலாமா? யூடியூபில் ஓட்டுகிறார்கள்.

2025-ல் குமரி மாவட்டத்தில் ஒரு பையன் அப்படித்தான் இருந்தான் என்று குடும்பத்தார் சொன்னார்கள். இறந்துபோனான். யூடியூபை மூடிவிட்டுச் சோறு சாப்பிடுங்கள் தம்பி.

கேள்வி: அப்போ ஒரு மாசத்துக்கு எவ்வளவு குறைக்கலாம்?

இரண்டு கிலோ. வயிறு பார்த்து, பொறுமையாக.

கேள்வி: தேன், எலுமிச்சை, வெந்நீர்?

இருமலுக்கு நல்லது.