ஊர் அறியாத கல்லூரி

பிலடெல்பியா

அன்புள்ள அண்ணனுக்கு,

என் மகள் மீனாட்சி ஹார்வர்டில் சேரப்போகிறாள் என்று மேலமாசி வீதி முழுவதும் தாங்கள் பிரகடனம் செய்துவிட்டதாக மதனி தொலைபேசியில் சொன்னார்கள். தங்கள் உற்சாகத்துக்குப் பங்கம் விளைவிக்க மனமில்லை. ஆயினும் நிலவரம் வேறு. மாணவர் தொகை சில ஆயிரத்தைத் தாண்டாமலும், கணிதம் படிக்க வந்தவனைக் கிரேக்க நாடகத்தின் பக்கமும் பிடித்துத் தள்ளுகிற சுபாவத்தோடும், பெரும்பாலும் சிற்றூர்களில் ஒதுங்கிக் கிடக்கும் கல்லூரிகள் என ஒரு வர்க்கம் இத்தேசத்தில் உண்டு. அவற்றின் பெயரைச் சொன்னால் நம்மவர்கள், "பாவம், வேறெங்கும் கிடைக்கவில்லையா?" என்று துக்கம் விசாரிப்பார்கள்.

மீனாட்சிக்கு அவற்றில்தான் இடம் தேடினோம். ஆரிகன் மாகாணத்து ரீட் கல்லூரியில், மீசை அரும்பாத பிள்ளைகள் அரசாங்க லைசென்ஸ் பெற்று 1968 முதல் அணு உலையையே இயக்கிவருகிறார்கள் என்று கேட்டதும் என் மனைவி அந்த மாகாணத்தையே பட்டியலிலிருந்து நீக்கிவிட்டாள். ஓஹையோவிலுள்ள ஓபர்லின் தங்களுக்கு அந்நியமன்று. நம் தல்லாகுளம் லேடி டோக் கல்லூரிக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் அங்கிருந்து வந்தவர்களே. கறுப்பின மாணவர்களை 1835 முதலே சேர்த்துக்கொண்ட புண்ணியம் அதற்கு உண்டு, ஆனால் தூரம்.

முடிவில் மீனாட்சியின் மனம் பற்றியது, குவேக்கர்கள் 1833-இல் இவ்வூருக்கு அருகிலேயே நிறுவிய ஹாவர்போர்டு கல்லூரியை. அங்கே ஒரு வகுப்பில் நானும் போய் உட்கார்ந்திருந்தேன். மேஜையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர்; ஒரு பையன், "தாங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை" என்று பேராசிரியரின் முகத்துக்கெதிரே சொல்ல, அவரோ கோபமுறாமல் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஏன்?" என்று கேட்டார். நம் காலத்தில் இந்த அதிகப்பிரசங்கத்துக்குப் பெஞ்சின்மேல் ஏற்றியிருப்பார்கள். அதைக் காட்டிலும் ஆச்சரியம், பரீட்சைக்கு மேற்பார்வையாளரே கிடையாது என்பது. பிள்ளைகள் தமக்கு வசதியான வேளையில் போய், மனச்சாட்சியைக் காவல் வைத்து எழுதிவிட்டு வருகிறார்கள். பறக்கும் படை பார்த்து வளர்ந்த எனக்கு இன்னும் நம்பிக்கை பிறக்கவில்லை.

செலவோ ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல். நம் வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருவார்கள் என்றாலும், அதற்கான விண்ணப்பத்தில் சம்பளம், சேமிப்பு, வீட்டின் மதிப்பு என்று துருவிய துருவலில், சம்பந்தி வீட்டாரே நாணிப்போவார்கள்.

பெரிய பெயருள்ள சர்வகலாசாலையில் முதலாண்டுப் பிள்ளைகளில் பலர் நூற்றுக்கணக்கானோர் நடுவில்தான் பேராசிரியரைத் தரிசிக்கிறார்கள். இங்கே ஒருநாள் வராவிட்டால் அவரே காரணம் கேட்பார். பெண்ணைப் படிக்க அனுப்புகிறவனுக்கு இதுவே மேல் என்பது என் தீர்மானம். ஆகையால் அண்ணா, மேலமாசி வீதியில் திருத்தம் வெளியிடத் தங்களுக்குக் கூச்சமாக இருந்தால், ஹாவர்போர்டு என்பதைச் சற்று வேகமாக உச்சரியுங்கள். பாதிப் பேருக்கு வித்தியாசம் தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி